மடிப்பில் தொடுமா

வாயைத் திறந்துகொண்டு சும்மா படுத்திருப்பதும் ஒரு வேலையா என்று கேட்டால், வேலைதான். அன்று காலை மங்கையர்க்கரசிக்கு அதைவிட்டால் வேறு வேலை கிடையாது. திருவான்மியூரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் டாக்டர் சுல்தானாவின் பல் ஆஸ்பத்திரி. சாய்ந்த நாற்காலி, முகத்துக்கு நேரே விளக்கு, கிராம்பு எண்ணெய் வாடை, கடைவாயில் தொங்கிக்கொண்டு கொரகொரவென்று எச்சிலை உறிஞ்சும் குழாய். வேர்ச் சிகிச்சை போன மாதமே முடிந்தாயிற்று. இன்றைக்கு அந்தப் பல்லின் தலையில் ஒரு கேப்பை மாட்டி ஒட்டிவிட்டால் தீர்ந்தது. "வலிக்கவே வலிக்காது மேடம், குழந்தைக்குத் தொப்பி போடுற மாதிரிதான்" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் கன்னத்துக்குள் பஞ்சைத் திணித்தார். வலியைப் பற்றி அரசிக்குக் கவலையில்லை. வீட்டிலும் சரி, கணக்கு உலகத்திலும் சரி, அவள் வெறும் அரசிதான். முழுப் பெயரை ஒரே மூச்சில் சொன்னவர் அப்பா ஒருத்தர்தான், அவரும் போய்விட்டார். கவலையெல்லாம் மடிமேல் கிடந்த கைப்பேசியின்மேல். பெங்களூரிலிருந்து பிரிட்டோ கூப்பிடுவான். மதியத்துக்குள் கூப்பிடுகிறேன் என்றிருக்கிறான். அவளும் அவனுமாக ஆறு வருஷம் எழுதிய கட்டுரை, இருநூறு பக்கத்தை எட்டிப்பிடிக்கிற கட்டுரை, அவள் ஒரு 'சரி' சொன்னால் இன்றைக்கே பத்திரிகைக்குப் போய்விடும். போயே ஆகவேண்டும். பிரிட்டோவின் வேலையை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று நாளைக் காலையில் அவனுடைய நிறுவனத்தில் கமிட்டி உட்காருகிறது. அனுப்பியாயிற்று என்றால் அவனுக்கு ஒரு பலம். எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை என்றால், அப்படிச் சொல்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு, கமிட்டிக்காரர்கள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். ஆகவே சரி என்று சொல்லவேண்டும். சொல்லிவிடுவாள். நேற்று கடைசி அதிகாரம்வரை படித்துப் பார்த்தாள், ஒரு குறையும் இல்லை. குறை இல்லையென்றால் ஏன் இப்படி உப்புச்சப்பில்லாமல் இருக்கிறது? ஆறு வருஷம் சமைத்ததை இலையில் போட்டாயிற்று, பசி எங்கே போனது?

"கடிங்க மேடம். டக்குடக்குன்னு கடிங்க." நாக்கில் மெல்லிசாக ஒரு தாள் பட்டது, மெழுகு ருசி. நீல மை தடவிய தாள் அது. மேல்பல்லும் புதுக் கேப்பும் எங்கே முட்டுகிறதோ அங்கே பொட்டு விழும். டாக்டர் கேப்பைக் கழற்றி, பொட்டு விழுந்த இடத்தைச் சின்ன மிஷினில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, மறுபடி மாட்டுவார். "இப்ப எப்டி, உயரமா தெரியுதா?" அரசி "ஆ" என்றாள். "ஆன்னா தெரியுதா, தெரியலையா?" "ஆ." "சரி, தெரியுது. தேன்மொழி, இன்னொரு தாள் குடும்மா." உதவிக்கு நிற்கும் பெண் தேன்மொழி தாளைக் கிழிக்கிற சத்தம். தொடுகிறது, தொடவில்லை. முட்டுகிறது, முட்டவில்லை. இதுதானே தன் பிழைப்பு என்று அரசிக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் வாய் காலியாக இல்லை. ஒரு கம்பியை எப்படியாவது வளைத்துச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்தால் அதில் ஒரு படலம் நிற்கிறது அல்லவா, அந்தப் படலம்தான் அவளுடைய ஆயுசு. இருபத்தொன்பது வயதில் இத்தாலியில் ஒரு குளிர்ந்த வாடகை அறையில், ஸ்வெட்டருக்குமேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, படலத்தில் விழும் மடிப்புகள் எத்தனை கோணலான கம்பியிலும் எண்ணி முடிக்கக்கூடியவைதான், முடிவில்லாமல் போகாது என்று நிரூபித்தாள். பரிசு வந்தது. பேப்பரில், சோப்பு நுரையால் உலகை வென்ற திண்டுக்கல் பெண் என்று போட்டார்கள். தங்கையின் மாமியார் அதைப் படித்துவிட்டு, "எந்த சோப்பும்மா, உப்புத் தண்ணியில நுரைக்குமா?" என்று கேட்டது. அப்பாவுக்கு மட்டும் ஏதோ விளங்கியது, அல்லது விளங்கியதுபோல் இருந்தார். அவர் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் சாமியானா போடுகிறவர். மழை நாளில் துணி எங்கெங்கே தொய்கிறது, எங்கே மூன்று துணி ஒரே தையலில் சேர்ந்து விறைக்கிறது என்று பந்தலுக்கடியில் மல்லாந்து கிடந்து பார்த்துக்கொண்டிருந்தவள்தானே இவள். "பேப்பர்ல போட்டிருக்கிறது நம்ம பந்தல் சமாச்சாரம்தான?" என்றார். ஆமாம்பா என்றாள். அது பொய்யில்லை. அதற்கப்புறம் மேடைகள், சால்வைகள். மைக் பிடிக்கிறவர் எல்லாரும் அவளுடைய வாழ்வையும் சாதனையையும் படிக்கிறார்கள். நிரூபித்தார், கண்டறிந்தார், திகழ்ந்தார். எல்லாம் தார், தார், தார். அந்தத் தாரில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் அவள் அங்கேயே நிற்கிறாள். ஐம்பத்துநாலு வயது. நிரூபிக்கிறார் என்று ஒருத்தராவது சொல்ல மாட்டார்களா?

"பக்கவாட்டுல அசைங்க. மாடு அசைபோடும் பாருங்க, அந்த மாதிரி. வெரி குட்." கீழ்த்தாடை இடதுபக்கம் போயிற்று, வலதுபக்கம் போயிற்று. கீழே தெருவில் பஸ்ஸின் ஹாரன். மனசு கட்டுரைக்குள்ளேயே சுற்றியது, ஈ மாதிரி. சுருக்கினால் தனக்குள்ளேயே அடங்குகிற வகைக் கம்பி ஒன்றில் இரண்டு வேறு வேறு படலம் நிற்க முடியுமா? முடியாது என்பதுதான் கட்டுரை. வழி பழைய வழிதான், யாருக்கும் புரியக்கூடியது. இரண்டு இருப்பதாக வைத்துக்கொள். ஒன்றைக் கொஞ்சம் சுருக்கு, அது மற்றதற்கு உள்ளே அடங்கிவிடும். பிறகு மெல்ல மெல்லப் பெரிதாக்கு. ஏதோ ஒரு கணத்தில், ஏதோ ஒரு புள்ளியில், முதன்முதலாக ஒன்று மற்றதைத் தொடும். தொட்ட இடத்தில் இரண்டுமே வழவழப்பாக இருந்துவிட்டால் ஜெயித்தோம். அப்படித் தொட்டும் தாண்டாமலும் நிற்கிற படலங்கள் இரண்டு இல்லை, ஒன்றேதான் என்பது நூறு வருஷத்து விதி. ஆனால் முதல் தொடுகை மடிப்பில் நடந்துவிட்டால்? மூன்று படலம் ஒரு கோட்டில் சந்திக்கிற மடிப்பு. அங்கே வழவழப்பு கிடையாது, விதியும் செல்லாது. அங்கேதான் அவள் பதினோரு வருஷம் முட்டிக்கொண்டு நின்றாள். அங்கேதான் பிரிட்டோ வந்தான். தூத்துக்குடிப் பையன், முப்பதைத் தாண்டாத வயசு அப்போது, இத்தாலியிலும் பிரான்சிலும் சுற்றிவிட்டு ஒரு கருத்தரங்கில் டீ வரிசையில் நின்றுகொண்டு, "மடிப்புல தொட்டா தொடட்டும்க்கா, தொட்ட பெறகு என்ன நடக்குன்னு பாத்துருவோம்" என்றான். பார்த்தார்கள். அதற்கென்று கணக்கிலேயே ஒரு கிரேனைக் கட்டினான் அவன்; ஐந்தாம் அதிகாரத்திலிருந்து பதினொன்றாம் அதிகாரம்வரை முழுக்க அந்தக் கிரேன்தான். மடிப்பைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, உருட்டி, வெட்டி, இழை இழையாகப் பிரித்து எடைபோடுகிற கிரேன். அப்படியொரு கிரேனை அவள் தன் ஆயுளில் பார்த்ததில்லை. அதை ஓட்டத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர், அதில் ஒருத்திக்கு இப்போது வாய்க்குள் பஞ்சு.

"இங்க பாருங்க மேடம், எவ்ளோ அழகா வந்திருக்கு." டாக்டர் கேப்பைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்து, விளக்குக்கு நேரே காட்டினார். முத்துப்போல ஒரு பல். மேலே நாலு சின்னக் குன்று, குன்றுகளுக்கு நடுவே பள்ளம், பள்ளத்தின் அடியில் மூன்று பக்கமிருந்து வந்து சேருகிற வரி. நீலப் பொட்டுகள் ஐந்தாறு. அரசி பார்த்தாள். பார்த்தாளே தவிர முதலில் ஒன்றும் தோன்றவில்லை. இந்த நீலம் மையிலிருந்து வருகிறது, நாக்கிலும் பட்டிருக்கும், மத்தியானம் சாப்பிட்டால் போய்விடும் என்றுதான் தோன்றியது. பிறகு டாக்டர் கையை மடக்கப்போனார். பொட்டெல்லாம் சரிவில். அரசியின் கை தானாகப் போய் டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. "என்ன மேடம், கலர் பிடிக்கலையா?" பொட்டெல்லாம் சரிவில் இருக்கிறது. பள்ளத்து அடியில் ஒன்றுகூட இல்லை. எத்தனை தடவை கடித்தோம், நேராகக் கடித்தோம், பக்கவாட்டில் அரைத்தோம், வரியில் ஒரு பொட்டு விழவில்லை. எப்படி விழும்? அடிக்குப் போவதற்குள் இரண்டு பக்கத்துச் சரிவும் முட்டிவிடுமே. இவ்வளவுதான். கை விட்டுவிட்டது. டாக்டர் தேய்க்கிற மிஷினுக்குப் போய்விட்டார். அரசி கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய இமைக்குள் விளக்கின் சிவப்பு. மடிப்பு, மூன்று படலம், மூன்றுக்கும் நடுவே சம கோணம். வெளியே நின்று பார்த்தால் கரும்பலகையில் மூன்று கோடு. உள்ளே போய் உட்கார்ந்து பார்? மூன்று அறை சேருகிற இடத்தில் மூன்று சுவர். எந்த அறைக்குள் உட்கார்ந்து பார்த்தாலும் அது மூலை. முகடு எங்கேயும் இல்லை, மூன்று பக்கமும் மூலைதான். மூலைக்குள் ஒரு பந்தை உருட்டினால் அது மூலையைத் தொடாது, சுவர் இரண்டையும் தொட்டுக்கொண்டு நின்றுவிடும். பள்ளத்து அடி யாருக்கும் எட்டாது. முதல் தொடுகை மடிப்பில் நடந்தால் என்ன ஆகும், நடந்தால் என்ன ஆகும் என்று பதினோரு வருஷம் தானும் ஆறு வருஷம் இன்னொருத்தனுமாகத் தலையை உடைத்துக்கொண்டோமே, நடக்குமா என்று ஒருத்தர் கேட்டோமா? நடக்காது. நடக்கவே நடக்காது. கால் விரல்கள் செருப்புக்குள் தாமாக விரிந்தன.

அவசரப்படாதே. முதலில் அவசரப்படாதே. இதுபோல் வந்திருக்கிறது, இல்லையா? வைகை எக்ஸ்பிரஸில் விருத்தாசலம் தாண்டும்போது வந்தது, மதுரையில் இறங்குவதற்குள் செத்துவிட்டது. ஒரு துக்கவீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது வந்தது, முகத்தில் சந்தோஷம் தெரிந்துவிடக் கூடாதே என்று முந்தானையால் மூடிக்கொண்டாள், பக்கத்திலிருந்தவர்கள் அழுகிறாள் என்று முதுகைத் தடவிக்கொடுத்தார்கள், அது அன்று சாயங்காலமே செத்துவிட்டது. பெரிய உண்மை என்று வருவதெல்லாம் முதல் மணி நேரத்தில் தங்கம்தான். ஆகவே உரசிப் பார். உரசு. நாலு மடிப்பு ஒரே புள்ளியில் கூடுமே, அந்த இடம்? அது நாலு அறையின் மூலை, இன்னும் ஆழமான மூலை, இன்னும் எட்டாது. சரி. தொட வருகிற படலத்துக்கும் மடிப்பு இருக்குமே, மடிப்போடு மடிப்பு மோதினால்? மோத முடியாது. மூன்று கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறவன் ஒரு மூலைக்குள் ஒண்டமுடியுமா, கை சுவரில் இடிக்கும். சரி. சரி. இன்னும் ஒரு சரி. "எம்பையன் ப்ளஸ் டூ மேடம்," என்றார் டாக்டர், மிஷின் சத்தத்துக்கு நடுவே. "மேத்ஸ்ல புலி. மார்க்குதான் வர மாட்டேங்குது. என்னா பண்ணலாம், நீங்களே சொல்லுங்க." அரசி "ஆ" என்றாள். "அதையேதான் அவங்கப்பாவும் சொல்றாரு." தேன்மொழி களுக்கென்று சிரித்தாள். "நீ சிரிக்காத, நீ பத்தாவதுல எவ்ளோன்னு எனக்குத் தெரியும்." பேசுங்கள், நன்றாகப் பேசுங்கள், என்னிடம் மட்டும் எதுவும் கேட்காதீர்கள், இது ததும்புகிற பாத்திரம், யாராவது இடித்தால் சிந்திவிடும். ஒரு தாள் இருந்தால் தேவலை. எதற்குத் தாள், இதில் எழுத என்ன இருக்கிறது, இரண்டு பக்கம்கூட வராது. அதுதான் பயமாக இருக்கிறது. இவ்வளவு சின்னதாக இருந்தால் எவனாவது பார்த்திருக்க மாட்டானா? பார்த்திருக்க மாட்டான். ஏனென்றால் எல்லாரும் மடிப்பை வெளியே நின்று வரைந்தார்கள், நான் வரைந்ததைப் பார்த்து வரைந்தார்கள். அப்புறம் கம்பி. ஐயோ, கம்பி. மடிப்பு போய்க் கம்பியில் முடிகிற முனை. அங்கே மூலை முழு மூலை இல்லையே, அறையின் ஒரு பக்கம் திறந்தல்லவா கிடக்கிறது. திறந்த பக்கமாக வந்து தொட்டுவிட்டால்? சுருக்கிய படலத்தின் கம்பி உள்ளே இருக்கும், இது வெளியே இருக்கும், பெரிதாக வர வர… வர வர என்ன? தெரியவில்லை. தொடாது என்று கை சொல்கிறது, மனசு சொல்கிறது, வாய் மட்டும் ஏன் என்று சொல்லத் தெரியாமல் திறந்து கிடக்கிறது. கம்பி முனை, கம்பி முனை. சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து தட்டியது. தட்டினாலும் அந்தச் சந்தோஷம் குறையமாட்டேன் என்கிறது, கொதிக்கிற உலையின் மூடி மாதிரி மேலும் மேலும் தூக்கிப் போட்டது.

"இப்ப கடிங்க. இப்ப?" இப்போது முட்டவில்லை. எல்லாம் சமமாக உட்கார்ந்துவிட்டது. அரசி தலையாட்டினாள். "சூப்பர். ஒட்டிடலாம். தேன்மொழி, சிமெண்ட் கலக்கும்மா." அப்போதுதான் அந்தப் பெயர் நெஞ்சில் விழுந்தது. பிரிட்டோ. இதைச் சொன்னால் கிரேன் என்ன ஆகும்? ஐந்திலிருந்து பதினொன்றுவரை ஏழு அதிகாரம், மொத்தக் கட்டுரையில் முக்கால்வாசி, ஆணி வேர் சகிதம் தேவையில்லை. தப்பு என்றால்கூடப் பரவாயில்லை, தப்பைத் திருத்தலாம். தேவையில்லை என்பதற்கு என்ன மருந்து? அவன் அந்தக் கிரேனைக் கட்டும்போதுதான் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி நின்றுபோனது, அந்தப் பெண் வீட்டார் வந்து பார்த்தபோது ஐயா சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு மடிப்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். ஆறு வருஷம். நாளைக்குக் கமிட்டி. இன்றைக்கு 'சரி' என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் கட்டுரை போய்விடும், வேலை நிரந்தரமாகும், அம்மாவைத் தூத்துக்குடியிலிருந்து அழைத்துவந்து வைத்துக்கொள்வான். பிறகு ஒரு மாதம் கழித்து, இரண்டு மாதம் கழித்து, மெதுவாக, தம்பி இப்படி ஒன்று தோன்றியது என்று சொன்னால் போதாதா? யாருக்கு நஷ்டம்? கட்டுரை தப்பில்லை. தப்பில்லாத ஒன்றை அனுப்பச் சொல்வது தப்பாகுமா? கம்பி முனையில் இதுவே உடைந்துபோனாலும் போகும். உடைந்துபோனால் கிரேன் வேண்டும். அப்போது, நல்லவேளை வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்று ஆகும். ஆகவே வாயை மூடிக்கொள். கேப் சில்லென்று உட்கார்ந்தது. டாக்டர் விரலால் அழுத்தினார், பஞ்சை உருட்டி வைத்தார். "இப்ப நல்லா அழுத்திக் கடிங்க. பத்து நிமிஷம். வாயத் தெறக்கக் கூடாது, பேசக் கூடாது, சிமெண்ட் பிடிக்கணும். தெறந்தீங்கன்னா முதல்லேருந்து." கடித்தாள். இந்த மாதிரி ஒரு வசதி ஒரு மனுஷிக்கு எப்போது கிடைக்கும்? டாக்டரே சொல்லிவிட்டார், பேசக் கூடாது என்று. ஆனால் எத்தனை நேரம் இதை ஒருத்தியாகத் தாங்குவது? இது பிரிட்டோவுக்குத் தெரியாமல் இருக்கிறதே என்பதுதான் பொறுக்கவில்லை. அவன் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு இன்னும் மடிப்பில் தொடுகிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறான். பாவம், உலகத்திலேயே இதைக் கேட்டதும் துள்ளிக் குதிக்கக்கூடிய ஒரே ஆள் அவன்தான், அவனிடம்தான் சொல்லக் கூடாது என்றால் எப்படி? கைப்பேசி அதிர்ந்தது.

கட்டைவிரல் பச்சைப் பொத்தானோடு ஒலிபெருக்கியையும் சேர்த்து அமுக்கிவிட்டது. "அக்கா, எல்லாத்தையும் ஏத்திட்டேன்," என்றது பிரிட்டோவின் குரல், அறை முழுக்க. "ஒரே ஒரு பொத்தான்தான் பாக்கி. அமுக்கிரவா?" ஒரு 'ம்' போதும். உதட்டைக்கூடப் பிரிக்க வேண்டாம். தொண்டையில் வந்து நின்றது. சரி என்று சொல்லத்தான் மூச்சை இழுத்தாள்.

"ம்ஹும்."

"என்னக்கா, லைன் சரியில்லையோ? அமுக்கவான்னு கேட்டேன்."

"ம்ஹும்."

"சார், நான் பல் டாக்டர்," என்றார் சுல்தானா, எட்டிக் குனிந்து. "மேடம் வாயத் தெறக்கக் கூடாது. நீங்க அப்புறமா பேசுங்க."

"அப்புறம்னா முடியாதும்மா, எங்க ஆபீஸ்ல மத்தியானத்தோட கடைய மூடிருவாங்க. நான் கேக்கேன், அக்கா 'ம்' கொட்டட்டும். அக்கா, தப்பு எதுவும் இருக்கா?"

"ம்ஹும்."

"தப்பு இல்ல, அனுப்பவும் வேண்டாம். நல்ல கதையா இருக்கே. நாலாம் அதிகாரமா?"

"ம்ஹும்."

"அஞ்சு?"

"ம்."

"அஞ்சுலதான் கிரேன் ஆரம்பிக்கி. மடிப்புல தொடும்போது…"

"ம்ஹும்."

"இருங்கக்கா, நான் இன்னும் கேள்வியே கேக்கல. மடிப்புல தொடும்போது…"

"ம்ஹும்."

மறுமுனையில் எங்கேயோ ஒரு பைக் போனது, பெங்களூர்ப் பைக். அரசி பஞ்சை இன்னும் அழுத்திக் கடித்தாள். தேன்மொழி கிண்ணத்தைக் கழுவாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "தொடாதா?" என்றான் பிரிட்டோ, வேறு யாருடைய குரலிலோ.

"ம்."

"எந்தப் பக்கத்துலேருந்து வந்தாலுமா?"

"ம்."

"மூலையில்லா அது," என்றான் மெதுவாக, தனக்குத்தானே. "மூணு பக்கமும் மூலை. சீ. அப்ப கிரேன் வேண்டாம்." இதற்கு அவள் 'ம்' கொட்டவில்லை. அவனுக்கும் தேவைப்படவில்லை. "அஞ்சாம் அதிகாரம் எழுதும்போதுதான்க்கா எனக்கு முடி கொட்டுச்சு. அத யார் திருப்பித் தருவா?" டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அரசிக்குச் சிரிக்கவும் முடியவில்லை, கண்ணில் நீர் கட்டிக்கொண்டது, எதற்கு என்று அவளுக்கே பிடிபடவில்லை. அவன் ஏசவேண்டும் என்று ஒரு மனசு எதிர்பார்த்தது, ஏசினால் வாங்கிக்கொள்ளலாம். அவன் ஏசவில்லை, மூச்சு மட்டும் வேகமாக வந்தது. அந்த மூச்சு அவளுக்குத் தெரியும், கொஞ்ச நேரம் முன்பு அவளுக்கும் அப்படித்தான் வந்தது. "கம்பி முனையிலக்கா? மடிப்பு போய் முடியுற எடத்துல?"

அவளிடமிருந்து 'ம்' என்றும் இல்லை, 'ம்ஹும்' என்றும் இல்லை.

"தெரியாதோ?"

"ம்."

"நாளைக்குக் கமிட்டி இருக்குக்கா." இதற்கு அவள் எதைச் சொல்ல? உடையவும் கூடும் என்று சொல்ல வாய் வேண்டும். உன் இஷ்டம் என்று சொல்ல வாய் வேண்டும். அனுப்பிவிடு, நான் சொன்னதை மறந்துவிடு என்று சொல்லவும் வாய் வேண்டும், ஆனால் அதை மட்டும் வாய் இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். "அவங்க நாளைக்குத்தான வாராங்க," என்றான் பிரிட்டோ. நாற்காலி உருண்ட சத்தம். பிறகு வேறொரு சத்தம், கரகரவென்று, நீளமாக, போய்ப் போய் வருகிற சத்தம். என்ன அது என்று ஒரு நொடி புரியவில்லை. அப்புறம் புரிந்தது. டஸ்டர். அவனுடைய அறைக் கரும்பலகையில் கிரேனின் படம் போன தீபாவளிக்கு முன்பிருந்தே இருக்கிறது, சுற்றிலும் கட்டம் போட்டு, மூன்று மொழியில் அழிக்காதீர்கள் என்று எழுதி, கூட்டித் துடைக்கிற அம்மாகூட அந்தச் சுவர்ப் பக்கம் வருவதில்லை என்று சொல்வான். மேலிருந்து கீழே அழிக்கிறான். நிறுத்தவில்லை. "சார் என்னா பண்றாரு?" என்று தேன்மொழி டாக்டரின் காதில் கேட்டாள். "தெரியலடி, வீடு துடைக்கிறாரு போல."

டஸ்டர் நின்றது. சாக்பீஸ் ஒரு கோடு போட்டது, இன்னொன்று, இன்னொன்று. மூன்று கோடு, அரசி எண்ணாமலே எண்ணினாள். அப்புறம் நீளமாக, வளைவாக ஒரு கோடு. கம்பி. கம்பியைப் போட்டுவிட்டான். அதற்குள்ளே இன்னொரு வளைவு, கொஞ்சம் சின்னது. சுருக்கிய கம்பி. சாக்பீஸ் முனையில் போய்த் தட்டிக்கொண்டு நின்றது, டக், டக், டக். அவள் மனசும் அங்கேதான் நின்றது, அதே முனையில், திறந்து கிடக்கிற அதே பக்கத்தில். சொல்லுடா. சரிவு இருக்கிறதா பார். திறந்த பக்கமாக வருகிறதா, வந்தால் கம்பியை முந்திக்கொண்டல்லவா வரவேண்டும், முந்துமா, சின்னக் கம்பி பெரிய கம்பியை எப்படி… "இன்னும் ரெண்டே நிமிஷம் மேடம்," என்றார் டாக்டர், கடிகாரத்தைப் பார்த்து, "அசையாம இருங்க, நல்லா பிடிச்சிட்டு இருக்கு." சாக்பீஸ் தட்டுவதை நிறுத்தியது.

"அக்கா," என்றான் பிரிட்டோ. "சுருக்குன கம்பி எப்பவும் உள்ளதான கெடக்கும்? அப்படின்னா அது முனைக்கு வருமுன்னாலேயே பக்கச் சுவர்ல முட்டிருமே. இது அங்கயும் தொடாது போலயே."

அரசி வாயைத் திறந்துவிட்டாள்.